ஒரே கிளஸ்டரில் பல துறைகளின் வேலைகள்: சர்வர்களைப் பங்கிடுவதா, வேலைகளைப் பிரிப்பதா?

ஆரல்வாய்மொழிக் காற்று (இழையைத் தொடங்கியவர்)

நாகர்கோவிலுக்கு அருகிலுள்ள ஒரு பொறியியல் கல்லூரியில், எல்லாத் துறைகளுக்கும் பொதுவான கிளஸ்டர் (ஒன்றாக இணைத்து இயக்கப்படும் சர்வர்களின் தொகுதி) ஒன்றைப் பராமரித்து வருகிறேன். தலா 64 கோரும் 256 ஜிபி நினைவகமும் கொண்ட எட்டு சர்வர்கள், மாதிரிப் பயிற்சிக்கு உதவும் ஏ100 ஜிபியு அட்டைகள் இரண்டிரண்டு பொருத்திய இரண்டு சர்வர்கள், அனைத்துக்கும் பொதுவாக, வலைவழியே கோப்புகளைத் தரும் ஒரு என்எஃப்எஸ் சேமிப்பகம். இவற்றின் மேல், எந்த வேலை எந்தச் சர்வரில் ஓட வேண்டும் என்பதை முடிவு செய்யும் குபெர்னெட்டிஸ் மென்பொருள் ஓடுகிறது.

இதில் நான்கு வகையான வேலைகள் நடக்கின்றன. முப்பந்தல் பகுதிக் காற்றாலைகளின் மின் உற்பத்தியை முன்கணிக்கும் சேவை ஒன்று. காற்றாலை மின்சாரத்துக்கான அட்டவணை 15 நிமிடக் கட்டங்களாக, நாளொன்றுக்கு 96 கட்டங்களாகப் போடப்படுவதால், அது ஒவ்வொரு கால் மணி நேரத்திலும் விடை தந்தாக வேண்டும். அடுத்தது, குளச்சல் முதல் நீரோடி வரையுள்ள கரைக்கு ஸ்வான் என்ற கணினி அலை மாதிரி கொண்டு செய்யப்படும் அலைக் கணிப்பு. இதற்கான காற்றுத் தரவு, இந்திய நேரம் மாலை 5.30 மணியை அடிப்படையாகக் கொண்ட ஜிஎஃப்எஸ் என்ற உலகளாவிய வானிலைக் கணிப்பிலிருந்து எடுக்கப்படுகிறது. அது இரவு ஒன்பது மணிக்குப் பிறகுதான் வரத் தொடங்கும், விடியலுக்கு முன் எங்கள் கணக்கு முடிந்தாக வேண்டும். மூன்றாவது, ட்ரோன் படங்களைக் கொண்டு ரப்பர் இலை நோய்களை அடையாளம் காணும் மாதிரிக்கான பயிற்சி. இது நாள்கணக்கில் ஓடும். நான்காவது, மாணவர்கள் உலாவியிலேயே நிரல் எழுதி ஓட்டும் ஜூபிட்டர் நோட்புக்குகள்.

அண்மையில் மாணவர்களின் திட்ட அறிக்கைக்குக் கடைசி நாளாக இருந்த ஓர் இரவில், அலைக் கணிப்பு வழக்கத்தைவிடப் பல மணி நேரம் இழுத்து, படகுகள் கடலுக்குள் சென்ற பிறகே முடிந்தது. அதிகாரபூர்வமான கடல்நிலை முன்னறிவிப்பை ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனமே வெளியிடுகிறது என்பதும், எங்களுடையது ஆய்வு முயற்சிதான் என்பதும் உண்மையே. ஆயினும் இப்போது ஒவ்வொரு துறையும் தனக்கென்று தனி சர்வர்களை ஒதுக்கித் தரும்படி எழுத்துமூலம் கேட்டிருக்கிறது. பத்து சர்வர்களையும் அப்படிப் பங்கிட்டுக் கொடுத்துவிடுவது சரியான வழிதானா என்பதை இங்குள்ளவர்களிடம் கேட்க விரும்புகிறேன்.

தக்கலை நிரலர்

அண்ணாச்சி, தயவுசெய்து அப்படிப் பங்கிட வேண்டாம். பங்கிட்ட மறுநாளே ஒரு துறையின் சர்வர்கள் சும்மா கிடக்க, இன்னொரு துறையில் வேலைகள் வரிசையில் நிற்பதைப் பார்ப்பீர்கள். கூகுள் நிறுவனம் தன் கிளஸ்டர்களை நிர்வகிக்கும் போர்க் அமைப்பைப் பற்றி 2015இல் வெளியிட்ட கட்டுரையில் இதை அளந்தே காட்டியிருக்கிறது: பயனர்களுக்கு நேரடியாகச் சேவை செய்யும் வேலைகளையும் பின்னணியில் ஓடும் தொகுப்பு வேலைகளையும் தனித்தனி கிளஸ்டர்களாகப் பிரித்தால், நடுத்தரமான ஒரு கிளஸ்டரில் அதே வேலையைச் செய்து முடிக்க 20 முதல் 30 சதவீதம் வரை கூடுதல் இயந்திரங்கள் தேவைப்பட்டிருக்கும். ஆயிரக்கணக்கான இயந்திரங்கள் உள்ள இடத்திலேயே இந்த நிலை என்றால், பத்து சர்வர்களை நான்காக உடைப்பதன் இழப்பை எண்ணிப் பாருங்கள்.

வேலை யாருடையது என்பதைவிட, அது எப்படிப்பட்ட வேலை என்பதே பிரிவினைக்கு அடிப்படையாக இருக்க வேண்டும். தாமதத்தை அது தாங்குமா, நடுவில் நிறுத்தினால் விட்ட இடத்திலிருந்து தொடர முடியுமா, எவ்வளவு வளம் எடுக்கும் என்பது முன்கூட்டியே தெரியுமா என்ற மூன்றையும் ஒவ்வொரு வேலையிடமும் கேட்டுப் பாருங்கள். காற்றாலைச் சேவை தாமதத்தைத் தாங்காது, ஆனால் சிறியது, அளவு தெரிந்தது. அலைக் கணிப்பு ஒரு மணி நேரம் பொறுக்கும், விடியலைத் தாண்டிப் பொறுக்காது. ரப்பர் பயிற்சி நிறுத்தினாலும் தொடரக்கூடியது. நோட்புக்குகளின் அளவை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. இந்த நான்குக்கும் நான்கு முன்னுரிமை வகுப்புகளை ஏற்படுத்தி, வேலைகளைப் பொதுச் சர்வர்களிலேயே ஓடவிடலாம். நெருக்கடி வரும்போது மட்டும் கீழ் வகுப்பு மேல் வகுப்புக்கு வழிவிடும்.

குலசேகரம் ரப்பர்

நான் மூன்றாவது வேலையைச் செய்யும் குழுவைச் சேர்ந்தவன். மேலே எழுதிய நண்பரின் கருத்தை மதிக்கிறேன். ஆனால் இரண்டு செய்திகளைப் பதிவு செய்தாக வேண்டும். ஜிபியு சர்வர்கள் இரண்டும் எங்கள் ஆய்வு மானியத்தில் வாங்கப்பட்டவை. அவற்றை நாங்கள் பொதுவில் வைத்தது நல்லெண்ணத்தால். அதற்காக, எங்களுக்குத் தேவைப்படும் நாளில் நாங்களே வரிசையின் கடைசியில் நிற்க முடியாது. மேலும், ‘வழிவிடுதல்’ என்று எளிதாகச் சொல்லப்படுவது எங்களுக்கு எப்படி இருக்கும் என்றால், இரண்டு நாள் ஓடிய பயிற்சி எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் கொல்லப்படுவதாகவே இருக்கும். எங்களைப் பொறுத்தவரை தனி சர்வர் என்பதே பாதுகாப்பான ஏற்பாடு.

தக்கலை நிரலர்

உங்கள் முதல் கருத்து முற்றிலும் நியாயமானது. வாங்கியவருக்கு உறுதியான உரிமை இருந்தாக வேண்டும்; ஆனால் உரிமை என்பது பூட்டி வைப்பதாக இருக்க வேண்டியதில்லை. குபெர்னெட்டிஸின் மேல் இயங்கும் ‘கியூ’ என்ற வரிசை மேலாண்மைத் திட்டத்தில் ஒவ்வொரு குழுவுக்கும் அடிப்படைப் பங்கு ஒன்றைக் குறித்துவிட்டு, பயன்படாத பங்கை மற்றவர் கடனாக எடுத்துக்கொள்ள அனுமதிக்கலாம். உரிமையாளரின் வேலை வந்து நிற்கும்போது கடன் வாங்கியவரின் வேலை வெளியேற்றப்பட்டு, பங்கு திரும்பி வந்துவிடும். ஆகவே நான்கு ஜிபியுக்களும் உங்கள் பெயரிலேயே இருக்கும். நீங்கள் உறங்கும் நேரத்தில் மாணவர்கள் அவற்றைப் பயன்படுத்துவார்கள்.

இரண்டாவது கருத்துக்கு வருகிறேன். வெளியேற்றப்படும் பாட்டுக்கு (குபெர்னெட்டிஸில் ஒரு வேலை ஓடும் அலகு ‘பாட்’) முதலில் நிறுத்தச் சொல்லும் சைகை அனுப்பப்படும். இயல்பான அமைப்பில் அதற்குப் பிறகு 30 வினாடி அவகாசம் உண்டு. பெரிய மாதிரியை அந்த 30 வினாடிக்குள் எழுதி முடிக்க முடியாமல் போகலாம் என்பதால், குறிப்பிட்ட இடைவெளியில் பயிற்சி நிலையைச் சேமித்துக்கொண்டே வருவதுதான் சரியான முறை. வேறு யாரும் வெளியேற்றாவிட்டாலும், நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழைக் காலங்களிலும் மின்சாரம் அதைச் செய்துவிடும் என்பதால், இந்த ஏற்பாடு உங்களுக்கு எப்படியும் தேவை.

மாணவர்களுக்கு ஜிபியு தரும்போது ஒரு முழு அட்டையைத் தர வேண்டாம். ஏ100 அட்டையை எம்ஐஜி முறையில் ஏழு துண்டுகள் வரை பிரிக்கலாம். ஒவ்வொரு துண்டுக்கும் நினைவகம் தனியாக இருப்பதால் ஒருவரின் பிழை இன்னொருவரைத் தொடாது. ஒரே அட்டையைப் பலர் மாறி மாறிப் பயன்படுத்தும் நேரப்பகிர்வு முறையில் இந்தத் தடுப்பு கிடையாது. ஒருவர் அட்டையின் நினைவகம் முழுவதையும் நிரப்பிவிட்டால் பக்கத்தில் இருப்பவரின் வேலையும் விழும்.

குளச்சல் கரை

அலைக் கணிப்பில் பங்கேற்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிக் கடலை ஒட்டிச் சென்றபோது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களில் பலர் திரும்பவே இல்லை. எங்கள் கணிப்பு ஒரு புயல் எச்சரிக்கைக்கு ஈடாகாது என்பதை நாங்கள் நன்கு அறிவோம். இருந்தாலும், கடலைப் பற்றிய ஒரு கணக்கு படகு கிளம்பிய பிறகு வந்து சேர்வதில் பொருளில்லை என்பதை இந்தக் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆகையால் முன்னுரிமையில் எங்களை எங்கே வைப்பது என்பது எங்களுக்கு வெறும் வசதிக் கேள்வியாக இல்லை.

தொழில்நுட்பமாக ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பாட் ஒவ்வொன்றுக்கும் 16 கோர் லிமிட் (உச்சவரம்பு) வைத்திருக்கிறோம். ஆனால் ஸ்வான் ஓடும், கணக்கைப் பல கோர்களுக்குப் பிரிக்கும் ஓப்பன்எம்பி அடுக்கு அந்த லிமிட்டைப் பார்ப்பதில்லை. சர்வரில் 64 கோர் இருப்பதைக் கண்டு 64 திரெட்களை (இணையாக ஓடும் கணக்கு இழைகளை) தொடங்குகிறது. இயக்க முறைமையின் மையமான லினக்ஸ் கர்னல் இந்த லிமிட்டை 100 மில்லி வினாடிக் கட்டங்களாகக் கணக்கிடுகிறது. 16 கோர் என்றால் ஒரு கட்டத்துக்கு 1600 மில்லி வினாடி சிபியு நேரம். 64 திரெட்கள் ஒரே சமயத்தில் ஓடும்போது அந்த ஒதுக்கீடு 25 மில்லி வினாடியில் தீர்ந்துவிடுகிறது. மீதி 75 மில்லி வினாடியும் எல்லாத் திரெட்களும் நிறுத்தி வைக்கப்படுகின்றன. அதிலும் ஒரு திரெட் மற்றதற்காகக் காத்திருக்கும் இடங்களில் இந்த நிறுத்தம் விழுந்தால் இழப்பு இன்னும் பெருகும். திரெட் எண்ணிக்கையை 16 என்று வெளிப்படையாகக் கொடுத்த பிறகு ஓட்டம் சீரானது. இதையும் தாண்டிச் செல்ல விரும்பினால், ரிக்வெஸ்ட்டும் (முன்பதிவாகக் கேட்கும் அளவு) லிமிட்டும் சமமாகவும் முழு எண்ணாகவும் இருக்கும் பாட்களுக்குக் குறிப்பிட்ட கோர்களையே ஒதுக்கிக் கொடுக்கும் நிலையான சிபியு மேலாண்மையைச் சர்வரில் இயக்கலாம்.

ஆரல்வாய்மொழிக் காற்று

எல்லோருக்கும் நன்றி. குளச்சல் நண்பர் சொன்ன திருத்தம் ஏற்கனவே நடைமுறையில் இருந்தும் அந்த இரவில் தாமதம் ஏற்பட்டது என்பதால், அன்றைய பதிவுகளை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். அலைக் கணிப்பு ஓடிய இரண்டு சர்வர்களிலும் சிபியு பெரும்பாலும் சும்மாவே இருந்திருக்கிறது. நினைவகமும் பாதிக்கு மேல் காலியாக இருந்திருக்கிறது. செயல்முறைப் பட்டியலில் ஸ்வான் வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக ‘டி’ நிலையில், அதாவது வட்டுக்காகக் காத்து நிற்கும் நிலையில், உறைந்து கிடந்திருக்கின்றன. மாணவர்களின் நோட்புக் ஒன்றுகூட அந்தச் சர்வர்களில் ஓடவில்லை.

சுசீந்திரம் சேமிப்பகம்

இந்த ஒரு பதிவிலேயே விடை இருக்கிறது. மாணவர்களின் வேலைகள் வேறு சர்வர்களில் ஓடியும் அலைக் கணிப்பு நின்றிருக்கிறது என்றால், நீங்கள் சர்வர்களைத் துறைவாரியாகப் பங்கிட்டிருந்தாலும் அன்றிரவு இதே தாமதம்தான் ஏற்பட்டிருக்கும். பேச்சிப்பாறைத் தண்ணீரைக் கிளைக் கால்வாய்களில் எவ்வளவு கவனமாகப் பிரித்தாலும், தலைமதகு ஒன்றாக இருக்கும்போது அங்கே ஏற்படும் அடைப்பு கடைமடை வரை எல்லோரையும் தாக்கும். உங்கள் தலைமதகு அந்த என்எஃப்எஸ் சேமிப்பகம்.

குபெர்னெட்டிஸ் சிபியுவையும் நினைவகத்தையும் கணக்கில் வைத்து வேலைகளை அமர்த்துகிறது. சேமிப்பகத்தின் படிப்பு, எழுத்து வேகம் அதன் கணக்கில் இல்லை. கர்னலில் உள்ள வட்டுக் கட்டுப்பாடுகளும் அந்தந்தச் சர்வரின் உள்வட்டுக்குத்தான் பயன்படும். வலையின் மறுமுனையிலுள்ள என்எஃப்எஸ் சர்வரில் யாருடைய கோரிக்கை முதலில் கவனிக்கப்படுகிறது என்பதை அவை தீர்மானிப்பதில்லை. மாணவர்கள் படத் தொகுப்புகளைக் கொண்டு பயிற்சி செய்திருப்பார்கள் என்று ஊகிக்கிறேன். லட்சக்கணக்கான சிறு கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடுவது, ஒரே பெரிய கோப்பை முழுவதுமாகப் படிப்பதைவிடச் சேமிப்பகத்துக்குப் பல மடங்கு சுமை. ஒவ்வொரு கோப்புக்கும் பெயரைத் தேடுவது, அனுமதியைச் சரிபார்ப்பது, திறப்பது, மூடுவது எனத் தனித்தனியாக வலைப் பயணங்கள் நடக்கும்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. அலைக் கணிப்புக்கான பகுதியைத் தனி வட்டுத் தொகுதியில் தனி என்எஃப்எஸ் சேவையாக வையுங்கள். ஒரே வட்டுகளின் மேல் இரண்டு பெயர்களில் வைப்பது பிரிவினை ஆகாது. ஓட்டத்தின் இடைக்காலக் கோப்புகள் அந்தந்தச் சர்வரின் உள் என்விஎம்இ வட்டில் எழுதப்பட்டு, முடிந்ததும் இறுதி விடை மட்டும் பொதுச் சேமிப்பகத்துக்கு வரட்டும். மாணவர்களின் படத் தொகுப்புகளை டார் கோப்புகளாகக் கட்டிவைத்து, வேலை தொடங்கும்போது உள்வட்டில் விரித்துக்கொள்ளும்படி ஒரு மாதிரிக் குறிப்பை எழுதிக் கொடுங்கள். இவற்றில் எது தாமதமானாலும், முதலாவதை இந்த மாதமே செய்துவிடுவது நல்லது.

திருவட்டாறு மாணவர்

ஐயா, இந்த இழை முழுவதிலும் மாணவர்கள் கடைசி வகுப்பில்தான் வைக்கப்படுகிறோம். எங்கள் வேலை அவசரமில்லாதது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கல்லூரி ஆய்வகத்தைத் தவிர எங்களில் பெரும்பாலோருக்கு வேறு கணினி வசதி கிடையாது. ஒவ்வொரு முறையும் வெளியேற்றப்படும் வேலையாகவே இருந்தால், எங்கள் திட்டத்தை எப்படி முடிப்பது? மேலும், கோட்டா வைத்த நாள் முதல் எங்கள் நோட்புக்குகள் பல நேரங்களில் தொடங்குவதே இல்லை, காரணமும் தெரிவதில்லை.

தக்கலை நிரலர்

தம்பி, நீங்கள் கேட்டது மிகவும் சரி. கடைசி வகுப்பு என்பதற்கு ஒன்றுமே கிடைக்காது என்று பொருள் வந்துவிடக் கூடாது. மாணவர்களுக்கும் அடிப்படைப் பங்கு ஒன்று வேண்டும். இரண்டு சர்வர்களின் அளவுக்குச் சமமான பங்கை யாரும் திரும்பப் பெற முடியாதபடி குறித்துவிட்டு, அதற்கு மேல் கடனாக எடுப்பதை மட்டும் வெளியேற்றத்துக்கு உட்படுத்த வேண்டும் என்பது என் பரிந்துரை. அதே வேளையில், மூடப்படாமல் இரவு முழுவதும் நினைவகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் நோட்புக்குகளைக் குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு தானாக நிறுத்தும் வசதியையும் நிர்வாகி இயக்க வேண்டும். உங்கள் பங்கைக் கரைப்பது பெரும்பாலும் உங்கள் நண்பர் மறந்துவிட்டுப் போன நோட்புக்தான்.

நோட்புக் தொடங்காததன் காரணம் இதுவாக இருக்கலாம்: ஒரு நேம்ஸ்பேஸில் (கிளஸ்டருக்குள் ஒரு குழுவுக்கான தனிப் பெயர்ப்பிரிவு) சிபியு, நினைவகக் கோட்டா வைத்துவிட்டால், ரிக்வெஸ்ட் குறிப்பிடாமல் வரும் பாட்கள் நிராகரிக்கப்படும். லிமிட் ரேஞ்ச் என்ற அமைப்பைச் சேர்த்து இயல்பான அளவுகளைக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை நீங்கும். நினைவகத்தில் மட்டும் தாராளம் வேண்டாம். சிபியு லிமிட்டைத் தாண்டினால் வேலை மெதுவாகும், அவ்வளவுதான். நினைவக லிமிட்டைத் தாண்டினால் 137 என்ற வெளியேற்றக் குறியுடன் வேலை கொல்லப்படும்.

மார்த்தாண்டம் வலை

எல்லோரும் வளங்களைப் பிரிப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். பாதுகாப்பைப் பிரிப்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நேம்ஸ்பேஸ் தனித்தனியாக இருப்பதாலேயே வேலைகளுக்கிடையே சுவர் இருப்பதாகப் பலர் நம்புகிறார்கள். இயல்பான அமைப்பில் எந்த நேம்ஸ்பேஸில் உள்ள பாட்டும் வேறு எந்தப் பாட்டுடனும் வலைவழியே பேச முடியும். அதைத் தடுக்க நெட்வொர்க் பாலிசி (யார் யாரோடு பேசலாம் என்ற விதி) எழுத வேண்டும். எழுதினாலும், உங்கள் வலைச் செருகி அதை நடைமுறைப்படுத்துவதாக இருக்க வேண்டும். ஃபிளானல் என்ற செருகி மட்டும் நிறுவப்பட்ட கிளஸ்டரில் பாலிசி பிழையின்றி ஏற்றுக்கொள்ளப்படும், ஆனால் ஒன்றையும் தடுக்காது. கலிகோ போன்றவை தடுக்கும். எழுதிய பிறகு ஒரு மாணவர் பாட்டிலிருந்து காற்றாலைச் சேவையை அழைத்துப் பார்த்து, மறுக்கப்படுகிறதா என்பதைக் கண்ணால் உறுதி செய்யுங்கள்.

சர்வர்களைப் பங்கிட வேண்டாம் என்ற பொதுக் கருத்துக்கு நான் ஒரு விதிவிலக்கு கேட்கிறேன். காற்றாலைச் சேவை வெளியுலகுக்குத் திறந்திருக்கிறது. மாணவர்கள் எங்கிருந்தோ இறக்கிய நிரல்களை ஓட்டுகிறார்கள். ஒரே சர்வரில் ஓடும் எல்லாக் கன்டெய்னர்களும் (பாட்டுக்குள் ஓடும் நிரல் பொதிகள்) ஒரே கர்னலைப் பகிர்ந்துகொள்கின்றன என்பதால், அதில் ஒரு ஓட்டை கிடைத்தால் நேம்ஸ்பேஸ் எதையும் காப்பாற்றாது. இந்த ஓர் இடத்தில் இரண்டு சர்வர்களைத் தனியாக ஒதுக்குவது வீண் அன்று. ஒதுக்கும்போது டெயின்ட் (சர்வரில் இடும் விலக்குக் குறி) மட்டும் போதும் என்று நினைக்க வேண்டாம். டெயின்ட் மற்றவர்களை விலக்கும். டாலரேஷன் (அந்தக் குறியைத் தாண்டும் அனுமதி) உள்ள பாட்டுக்கு அங்கே போக அனுமதி கிடைக்கும், அங்கேதான் போக வேண்டும் என்ற கட்டாயம் கிடைக்காது. சர்வருக்கு ஒரு லேபிள் இட்டு, சேவையின் பாட்டில் அந்த லேபிள் உள்ள சர்வரையே தேர்ந்தெடுக்கும் நோடு செலக்டரையும் சேர்த்தால்தான் இருபுறமும் அடையும்.

ஆரல்வாய்மொழிக் காற்று

துறைத் தலைவர்களின் கூட்டத்தில் நான் முன்வைக்கப்போகும் திட்டம் இப்போது தெளிவாகிவிட்டது. காற்றாலைச் சேவைக்கு மட்டும் இரண்டு சர்வர்கள் டெயின்ட்டும் லேபிளும் இட்டுத் தனியாக இருக்கும். மீதியுள்ள ஆறு பொதுச் சர்வர்களும் இரண்டு ஜிபியு சர்வர்களும் பங்கு, கடன் முறையில் எல்லோருக்கும் பொதுவாக இருக்கும். ஜிபியுக்களின் அடிப்படைப் பங்கு முழுவதும் ரப்பர் குழுவுக்கு, இரண்டு பொதுச் சர்வர்களுக்கு ஈடான பங்கு மாணவர்களுக்கு. அலைக் கணிப்பு இரவு ஒன்பது மணி முதல் முடியும் வரை மேல் வகுப்பில் ஓடும். அதன் சேமிப்பகம் தனி வட்டுத் தொகுதிக்கு மாறும். சேமிப்பக மாற்றமே முதலில் நடக்கும்.

மின்சாரத்தைப் பற்றித் தக்கலை நண்பர் எழுதியது என்னை இன்னொன்றையும் யோசிக்க வைத்தது. யுபிஎஸ் குறையும்போது எல்லா வேலைகளும் ஒரே நேரத்தில் விழாமல், மாணவர், ரப்பர், அலை என்ற வரிசையில் நிறுத்த வழி உண்டா?

தக்கலை நிரலர்

உண்டு. சர்வர் முறையாக நிறுத்தப்படும்போது, முன்னுரிமை வகுப்பு வாரியாகத் தனித்தனி அவகாசம் கொடுத்துப் பாட்களை நிறுத்தும் வசதி, ஒவ்வொரு சர்வரிலும் ஓடும் குபெர்னெட்டிஸ் முகவரான கியூப்லெட்டில் இருக்கிறது. நிறுவும்போது அந்த அவகாசம் பூஜ்யமாக இருப்பதால், நீங்கள் மதிப்புக் கொடுக்கும் வரை அது இயங்காது. யுபிஎஸ் மென்பொருள் மின்கலம் தீர்வதற்குச் சற்று முன்பே சர்வருக்கு நிறுத்தக் கட்டளை அனுப்பும்படி அமையுங்கள். கொடுத்த அவகாசங்களின் கூட்டுத்தொகை, மின்கலத்தில் மீதியுள்ள நேரத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும்.

காற்றாலைச் சர்வர்களுக்கு டெயின்ட் இடும் நாளில் ஒரு கவனம் தேவை. ‘நோஎக்ஸிக்யூட்’ வகையை இட்டால் அங்கே ஓடிக்கொண்டிருக்கும், டாலரேஷன் இல்லாத பாட்கள் அனைத்தும் உடனே வெளியேற்றப்படும். ரப்பர் குழுவின் துணை வேலைகள் அங்கே இருந்தால் அவையும் போய்விடும். ‘நோஷெட்யூல்’ வகையை இட்டால் புதியவை மட்டும் வராது, பழையவை முடியும் வரை ஓடும். முதலில் காற்றாலைச் சேவையின் பாட்களில் டாலரேஷனையும் நோடு செலக்டரையும் சேர்த்து, அவை ஒதுக்கிய சர்வர்களில் எழுந்து கால் மணிக் கணிப்பைச் சரியாகத் தருவதைப் பார்த்த பிறகு நோஷெட்யூல் இடுங்கள். மற்ற வேலைகள் தாமாக முடிந்து சர்வர் காலியாக ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை.